சாதகத்தில் இருந்த வயது

மகேந்திரராசா வீட்டில் றோல்ஸைக் கடிக்கும்வரை துஷாராவுக்குத் தன் வேலையில் அருவருப்பு ஏதும் இருக்கவில்லை.

வயது இருபத்து மூன்று. டென்மார்க் பெண்கள் லீக்கில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவள், முழங்கால் போன பிறகு ஆடுகிறவர்களைப் பார்த்து எழுதுகிற ஸ்கவுட் ஆனாள். அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்று அவளை ஆனி மாத முடிவு வரைக்கும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. அதற்குப் பிறகு நிரந்தரமா, நடுத்தெருவா என்பது அவள் எழுதும் அறிக்கைகளைப் பொறுத்தது. ஆண்டுக்கொருமுறை அந்த அணிகள் வரிசையில் நின்று புது ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும். அதற்குப் பெயர் டிராஃப்ட். எவனை எடுக்கலாம், எவனை விடலாம் என்று முன்கூட்டியே முகர்ந்து பார்த்துச் சொல்வதற்குத்தான் இவளைப் போன்றவர்கள்.

இந்த ஆண்டு அவளுக்குக் கிடைத்தவன் டென்மார்க்கின் டோஸ்ட்ருப் ஊர்ப் பையன் ஜெனுஷன். இரண்டு மீற்றர் நாலு சென்ரிமீற்றர் உயரம், அதைவிட நீளமாக விரியும் கைகள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் வருடம், கூடைப் பக்கம் நின்று ஆடும் ஃபோர்வர்ட். டென்மார்க்கிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் இந்த இடத்துக்குப் போனது இதுதான் முதல் தடவை. அவனுடைய முப்பத்தொரு ஆட்டங்களைத் துஷாரா வீடியோவில் பார்த்திருந்தாள். கூடைக்குக் கீழே நின்றால் எருமையைப் போல இடித்துக்கொண்டு போவான். தூரத்திலிருந்து எறியச் சொன்னால் பந்து எங்கே விழும் என்று அவனுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. இருந்தும் அவள் வரைவு அறிக்கையில், ‘உடல் தயார், எறிதல் பலவீனம், ஆனால் வயது இருபத்தொன்றுதான், வளருவான், டிராஃப்ட் வரிசையின் கடைசிப் பக்கத்தில் எடுக்கலாம்’ என்று எழுதியிருந்தாள். இந்தத் தொழிலில் வயதுதான் எல்லாம். இருபத்தொன்றில் எறியத் தெரியாதவன் நாளைக்குப் பழகிக்கொள்வான். இருபத்து நாலில் தெரியாதவனை எவரும் சீண்டமாட்டார்கள்.

மிச்சம் இருந்தது வீட்டு விசாரணை. பையன் எப்படி வளர்ந்தான், குடும்பம் எப்படி என்று போய்ப் பார்க்கவேண்டும். போனாள். பையனின் தகப்பன் மகேந்திரராசா வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். மேசையில் றோல்ஸ், கட்லட், கேக், மூன்று விதமான குளிர்பானம். மனைவி குசினி வாசலை விட்டு வரவில்லை. தமிழ்ச் சங்கத்துக்காரர் பாராட்டு விழாவுக்கு மண்டபமே எடுத்துவிட்டார்களாம். பையனை இன்னும் எவரும் எடுக்கவில்லை, அதற்குள் பொன்னாடைக்கு ஓடர் கொடுத்தாயிற்று.

"பிள்ளை எவடம், ஊர்?" என்று மகேந்திரராசா கேட்டார்.

"அம்மா அளவெட்டி, அங்கிள்."

"நல்லது, நல்லது. பிள்ளையின்ரை நட்சத்திரம் என்ன?"

வயதானவர்கள் பேச்சுக்குக் கேட்பார்கள் என்று நினைத்து, வாயில் றோல்ஸோடு, "உத்தரம்" என்றாள். விசாரிக்கப் போனவள் விசாரிக்கப்பட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஹ்விடோவ்ரேயில் அவர்கள் வீட்டில், வேலை முடிந்து வந்த தாய் தவமணி கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மகேந்திரராசா அண்ணை கதைச்சவர். ஜெனுஷனுக்கு உன்னைக் கேக்கினம்."

துஷாரா மடிக்கணினியை மூடினாள். "நான் அவனைப் பற்றி றிப்போட் எழுதிக்கொண்டிருக்கிறன் அம்மா."

"அது தெரியும். அதாலைதான் அந்த மனுசனுக்கு உன்னிலை நல்ல மதிப்பு."

"இது லஞ்சம்."

"கலியாணம் எப்பிடிப் பிள்ளை லஞ்சமாகும்?"

முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக டேனிஷ்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய் உண்மையாகவே கேட்டாள். துஷாரா சட்டத்தை விட்டுவிட்டுச் சாதிசனத்தின் சட்டத்தைப் பிடித்தாள்.

"எனக்கு அவனைவிட ரண்டு வயசு கூட. சரிவராது."

பெண்ணுக்கு வயது கூட என்றால் எந்தத் தமிழ் வீட்டிலும் பேச்சு அத்தோடு முடியும். அவள் கதவைச் சாத்திவிட்டதாகத்தான் நினைத்தாள். தாய் சிரித்தாள்.

"நானும் அதைத்தான் சொன்னனான். அவர், தங்கச்சி, அது பேப்பரிலை இருக்கிற வயசெண்டார். பெடிக்கு உண்மையிலை இருபத்து நாலு. உன்னைவிட ஒரு வயசு கூட. பார், சாதகம் தந்துவிட்டவர்."

மஞ்சள் பூசிய ஒற்றைத் தாளின் போட்டோப்பிரதி. கட்டங்கள், கிரகங்கள், கிளிநொச்சி, விடியற்காலை நேரம், இரண்டாயிரத்தொன்று தை மாதம். அணியின் கோப்பில் இருந்தது இரண்டாயிரத்து நாலு. டென்மார்க் அரசாங்கத்துக்கும் அமெரிக்கக் கல்லூரிக்கும் சொல்லத் துணிந்த பொய்யை, செவ்வாயிடமும் சனியிடமும் சொல்ல மகேந்திரராசாவுக்குத் துணிவில்லை. பொருத்தம் பிழைத்துவிடும் அல்லவா. அதனால் மகனின் உண்மையான வயதை, உலகத்தில் எவளுக்குத் தெரியக்கூடாதோ அவள் வீட்டுக்கே அனுப்பிவைத்திருக்கிறார்.

துஷாராவுக்கு அருவருப்பு வந்தது. அந்த மனிதர் மேல் மட்டுமல்ல. வீடியோக்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை முழுதாக வளர்ந்த ஒரு ஆண் தள்ளி விழுத்திக்கொண்டிருந்தான். குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அவளோ அதற்குப் பக்கத்தில் ‘வயதை மீறிய பலம்’ என்று எழுதி, நட்சத்திரம் வேறு போட்டிருந்தாள்.

ஜெனுஷன் அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். டோஸ்ட்ருப் விளையாட்டு மண்டபத்தில் தனியே எறிந்து பழகிக்கொண்டிருந்தவனிடம் போய், போட்டோப்பிரதியை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு டேனிஷில், இது எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்டான். அவள் சொன்னாள். கலியாணப் பேச்சு அவனுக்கே தெரியாது. முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னையும் சேர்த்து விக்கிறாரோ" என்றான், தமிழில். பிறகு பந்தின் மேலேயே உட்கார்ந்து, அவள் கேட்காததையும் சொன்னான்.

"சண்டை முடிய நானும் அம்மாவும் முகாமிலை. அப்பா அப்பவே இஞ்சை. சின்னப் பிள்ளையளோடை இருக்கிற தாய்மாரை முதல்லை விடுவினம் எண்டு ஆரோ சொன்னவை. அம்மா என்னை அஞ்சு வயசெண்டு பதிஞ்சவ. எனக்கு எட்டு. எலும்பும் தோலுமா இருந்ததாலை நம்பினாங்கள். அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரிக் கதை, அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி நட எண்டு அம்மா சொல்லித்தந்தவ. நான் இன்னும் அப்பிடித்தான் நடந்துகொண்டிருக்கிறன்."

"வந்த பிறகு மாத்தியிருக்கலாமே."

"அம்மா கேட்டவ. அப்பா விடேல்லை. மூண்டு வயசு குறைஞ்ச பெடியளோடை விளையாட விட்டவர். எல்லாக் கப்பும் எனக்குத்தான். அந்தப் பெடியளின்ரை தேப்பன்மார் எனக்குக் கைதட்டுவினம். எனக்கு எப்பிடி இருந்திருக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ."

அவன் தாயைக் குறை சொல்லத் துஷாராவுக்கு மனம் வரவில்லை. அந்த முகாமில் தான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். பிள்ளையின் உயிருக்காகச் சொன்ன பொய்யை எடுத்துக் கோப்பைகளுக்காக வளர்த்த தகப்பனை நினைக்கத்தான் துப்பவேண்டும் போல இருந்தது.

"எழுதுங்கோ" என்றான் ஜெனுஷன். "உள்ளதை எழுதுங்கோ. என்னாலை சொல்ல ஏலாது, அம்மா பயத்திலை செத்துப்போவா. உங்கடை றிப்போட்டிலை வந்தா வந்ததுதானே. அவங்கள் எடுக்காட்டி நான் ஜேர்மனியிலையோ எங்கையோ விளையாடுவன். என்ரை வயசோடை விளையாடுவன்."

எழுதினாள். வயது இருபத்து நாலு, எறிதல் இனித் திருந்த வாய்ப்புக் குறைவு, பிள்ளை நேர்மையானவன், எடுக்கவேண்டாம். அனுப்பிவிட்டு, நீண்ட நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தாள். தாயிடம் பொருத்தம் இல்லையென்று சொல்லி சாதகத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்.

மறுநாள் பின்னேரம் அணியின் பொறுப்பாளர் கிறெக் வீடியோவில் வந்தார். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

இது வேறு எந்த அணிக்காவது தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றாள். அற்புதம் என்றார். இந்த அறிக்கையை அழித்துவிட்டுப் பழையதையே கோப்பில் வைக்கச் சொன்னார். அவர்களுக்கு வேண்டியவன் வேறொரு பையன். வரிசையில் அவர்களுக்கு முன்னால் நிற்கும் அணிக்கும் அதே பையனில்தான் கண். அந்த அணி ஜெனுஷனை எடுத்துக்கொண்டு போனால், மற்றவன் இவர்களுக்கு மிஞ்சுவான். ஆகவே யாராவது கேட்டால், ஜெனுஷனை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

"இது அவனுடைய வாழ்க்கை" என்றாள் துஷாரா. "உண்மையைச் சொல்லச் சொன்னதே அவன்தான்."

"அவனுக்கு அணி கிடைக்கும், எங்களுக்கு எங்கள் ஆள் கிடைப்பான், உனக்கு நிரந்தர வேலை கிடைக்கும்" என்றார் கிறெக். "இதில் அழுவதற்கு யார் இருக்கிறார்கள், சொல்லு."

மகேந்திரராசாவாவது றோல்ஸ் தந்தார். துஷாராவுக்குத் திரையை அறைந்து மூடவேண்டும் போல இருந்தது. மூடவில்லை. யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கிறேன் என்று சொன்னபோதே அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஸ்டாக்ஹோமிலிருந்து, முன்னால் நிற்கும் அந்த அணியின் ஸ்கவுட் போன் எடுத்தான். நல்லவன், பழைய பழக்கம். அங்கே இங்கே சுற்றி, உங்கள் தமிழ்ப் பையன் எப்படி, தேறுவானா என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேலையாக இருக்கிறேன் என்று வைத்திருக்கலாம். பொய் சொல்வதற்கு முன் ஒரு கணமாவது நாக்குத் தடுமாறும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"இருபத்தொரு வயதுதானே" என்றாள். "வளருவான். எங்கள் ஆட்களுக்கு நல்ல விருப்பம்."

தடுமாறவே இல்லை. சரளமாக வந்தது. போனை வைத்துவிட்டு, புது அறிக்கையையும் அழித்துவிட்டு, குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். அப்படியும் வாய் நாறுவது போலவே இருந்தது.

டிராஃப்ட் நடந்து முடிந்த காலை, ஜெனுஷனை முன்னால் நின்ற அணி எடுத்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. கிறெக்குக்கு அவர் கேட்ட பையன் கிடைத்திருந்தான். எட்டு மணிக்கே மகேந்திரராசா போன் எடுத்தார்.

"பிள்ளை, பொருத்தம் இல்லாட்டிப் பரவாயில்லை. நீர் செய்த உதவியை எங்கடை குடும்பம் மறக்காது. உம்மடை றிப்போட்தான் பிள்ளை அவனை எடுத்துவிட்டது."

றிப்போட் அல்ல, போனில் சொன்ன ஒரு வரி என்பதைத் தவிர, அந்த மனிதர் தன் வாழ்நாளில் சொன்ன சில உண்மைகளில் இதுவும் ஒன்று. துஷாரா, "ஓம் அங்கிள், சந்தோசம்" என்றாள். ஒன்பது மணிக்குக் கிறெக்கிடமிருந்து நிரந்தர ஒப்பந்தம் வந்தது. அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது ஜெனுஷனின் செய்தி வந்து விழுந்தது.

‘எழுதேல்லையா? அப்பா உங்களுக்கு என்ன தந்தவர்?’

‘நான் எழுதினனான்’ என்று அடித்தாள். அது உண்மைதான். எழுதியதை என்ன செய்தாள் என்று அவன் அடுத்ததாகக் கேட்பான். அழித்தாள். உன் அப்பா ஒன்றும் தரவில்லை என்று அடித்தாள். அதுவும் உண்மை, அப்படியானால் யார் தந்தது என்று கேட்பான். அதையும் அழித்தாள். கடைசியில் ‘வாழ்த்துகள்’ என்று அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக்கோடு விழுந்தது.

துஷாரா ஒப்பந்தத்தைத் திறந்தாள். பெயர், முகவரி, அதற்குக் கீழே பிறந்த திகதி கேட்டிருந்தார்கள். தன்னுடையதைச் சரியாக எழுதிக் கையெழுத்திட்டாள்.