நாகேந்திரத்தாரின் சிநேகிதர்

வெள்ளவத்தையில் ஒருவர் இருமினால் அடுத்த ஒழுங்கையில் கொத்தமல்லி அவிப்பார்கள் என்பது நாகேந்திரத்தாரின் உறுதியான நம்பிக்கை. ஆகவே வங்கிக் கடிதம் வந்த அன்றே அதை அலுமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். கடனுக்காக வருகிற இருபத்தோராம் திகதி வீட்டை ஏலம் விடப்போவதாக அதில் இருந்தது. பூட்டினால் ஏலம் நின்றுவிடுமா என்று கேட்க ஆளில்லை, மனைவி சிவமணியைத் தவிர.

"கீழ்மாடியில ஷபீகா இருக்கிறா. பாங்க் வழக்குப் பேசுற லோயர். போய்க் கேப்பமே?"

"உமக்கென்ன விசரே? பிறகு ஒவ்வொரு நாளும் லிஃப்டுக்குள்ள அவவின்ர முகத்தில முழிக்கிறதே?"

டொலர் ஏறியபோது அவருடைய டைல்ஸ் வியாபாரம் படுத்துவிட்டது. கடன் மட்டும் படுக்கவில்லை. போன மாதம்கூடக் கோயில் திருவிழாவில் உபயம் செய்து, மாலை போட்டுப் படம் எடுத்தவர். அந்தக் கழுத்தோடு போய் லோயரம்மாவின் கதவைத் தட்டுவதா?

தன்னைத் தெரியாத லோயரைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். அங்கே சவுந்தரநாயகம் என்பவர் ஒடுங்கிய படிக்கட்டின் உச்சியில், கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"பிரச்சினை எனக்கில்லை. ஒரு சிநேகிதருக்கு."

"அவர் எங்க?"

"அவர் கொஞ்சம் கூச்சப்படுறவர்."

"தடை உத்தரவு கேக்கலாம். ஆனா என்னை லோயரா வைக்கிறதா அவர் புரொக்ஸியில கையெழுத்து வைக்கணும். இல்லாட்டி கோர்ட்டில நான் வாய் திறக்க ஏலாது."

இரண்டாம் முறை சிநேகிதரின் சந்தேகங்களோடு போனார். மூன்றாம் முறை சிநேகிதருக்குக் காய்ச்சல். மூன்று முறையும் ஆலோசனைக் கட்டணத்தை நாகேந்திரத்தாரே கட்டினார். இப்படியொரு சிநேகிதம் யாருக்கு வாய்க்கும்?

பதினெட்டாம் திகதி, வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியோடு நாலாம் முறை படியேறினார். சிநேகிதருக்காகத் தானே கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். லோயர் உறுதியைப் பிரித்தார்.

"இதில உரிமையாளர் சிவமணின்னு இருக்கே. யாரது?"

நாகேந்திரத்தார் எட்டி உறுதியைப் பார்த்தார். முப்பது வருடமாக 'என்ர வீடு' என்று சொல்லிச் சொல்லியே, மாமனார் தன் மகளுக்குச் சீதனமாக எழுதிய வீடு என்பது மறந்துபோயிருந்தது.

"சிநேகிதற்ற மனிசி."

"அப்ப சிநேகிதர் வந்தும் பிரயோசனமில்ல. மனிசியைக் கூட்டி வாங்க."

காலி வீதி நெரிசலில் முச்சக்கர வண்டி அசையவில்லை. வீடு போய்விடும் என்ற பயம் அப்போதுதான் வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு முழுதாக வந்தது. இந்த வயதில் எங்கே போவது? அவர் வாய்விட்டு அழுதார். சாரதி மரியாதையாக வானொலியைக் கூட்டிவைத்தான்.

சிவமணி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கெதியா வெளிக்கிடும். லோயரிட்டப் போகவேணும்."

"நான் போன கிழமையே ஷபீகாவிட்டப் போட்டன். இண்டைக்குக் காலமை புதுக்கடைக் கோர்ட்டில தடை உத்தரவு தந்திட்டினம். இப்போதைக்கு ஏலம் இல்லை."

அவர் கதிரையில் பொத்தென்று விழுந்தார். நிம்மதியில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்ததும் பழைய புத்தி திரும்பியது.

"ஆர் ஆருக்குத் தெரியும்?"

"பேப்பரில ஏல அறிவித்தல் மூண்டு பாஷையிலும் வந்து ரெண்டு கிழமை. மரக்கறிக்காரனும் விசாரிச்சவன்."

"அப்ப கோர்ட்டில என்ன சொன்னனீர்?"

"கடனுக்கு வீட்டை ஈடு வைச்ச பாங்க் பத்திரத்தில, வாசிக்க விடாமல், பென்சிலால கோடு போட்ட இடத்தில கையெழுத்து வை எண்டு சொன்னது ஆரெண்டு ஷபீகா கேட்டா. உள்ளதைச் சொன்னன்."

சிவமணி கையைத் துடைத்துவிட்டு வழக்குத் தாளை நீட்டினார். முதலாம் பிரதிவாதி, வங்கி. இரண்டாம் பிரதிவாதி, நாகேந்திரம்.

"என்னையுமோ?"

"ஓம். நீங்களும் ஒரு லோயரைப் பிடியுங்கோ. ஷபீகாவால ரெண்டு பக்கமும் பேச ஏலாதாம்."