பாதியில் நின்ற குரல்

அம்மா கீங்கா பால்கனியில் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் ரூசே நகரம் முழுக்க அந்த வாசனைதான். அடுக்களை மேசையில் இருந்த லேப்டாப்பில் அப்பாவின் குரல் பாதியில் நின்றிருந்தது. போன வருஷம் இதே பால்கனியில் மிளகாய் சுட்டபடி அவர் பேசியது. அவர் போன பிறகு அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே பதிவு. கடைக்குப் போகும்போதும் நிறுத்தி வைப்பாளே தவிர, பிளேயரை மூடமாட்டாள்.

"பேசிட்டிருக்கிற மனுஷன் வாயைப் பொத்தறதா?" என்பாள். நானும் தம்பி லூபெனும் இதற்காக அவளைக் கேலி செய்யாத நாளில்லை.

அப்போது வார்னாவிலிருந்து லூபென் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு அம்மா சொன்னாளேன்னு இங்கேருந்தே நெட் வழியா அவ லேப்டாப்புக்குள்ளே போய்க் குப்பையைக் கூட்டினேன். அழிக்கிற கட்டளையில ஒரு ஸ்பேஸ் தப்பா விழுந்துடுச்சு. எல்லாம் போச்சு. அப்பாவும்தான்."

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"இந்த வாரம் எடுக்கலாம்னு இருந்தேன்."

"ஊர் சர்வரையெல்லாம் பார்த்துக்கிறவன் பேசற பேச்சா இது, கழுதை!"

"அப்புறமா திட்டு. முதல்ல லேப்டாப்பை ஆஃப் பண்ணு. அழிஞ்ச இடத்துல வேற எதுவும் எழுதிடாம இருக்கட்டும்."

நானும் லூபெனும் பார்க்கும் கம்ப்யூட்டர் தொழிலில் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போனில் பேசியதைக் கேட்டு உள்ளே வந்த அம்மா, கரி படிந்த விரலைப் பவர் பட்டனுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"அம்மா, கையை எடு!"

அம்மாவின் லேப்டாப்பை இயக்கும் லினக்ஸில் அழிப்பது என்றால் கோப்பின் பெயரை எடுப்பதுதான். ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து பிடித்திருக்கும்வரை உள்ளே இருப்பது போகாது. அம்மாவின் பிளேயர் அப்பாவை இன்னும் விடவில்லை. லேப்டாப்பை ஆஃப் செய்தால் விட்டுவிடும்.

அது பிடித்திருந்த கோப்புகளைத் தேடினேன். ஒன்றின் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. அதைப் பென்டிரைவில் நகலெடுத்து ஓடவிட்டேன்.

"கீங்கா, கருகுது பாரு! திருப்பு, திருப்பு!"

அப்பாவின் குரலைக் கேட்டு மறுமுனையில் லூபென் விம்மினான். அம்மா பால்கனிக்கு ஓடினாள். மிளகாய் நிஜமாகவே கரியாகிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்ததும் சொன்னேன்: "பத்திரமா இருக்காரும்மா. இனிமே நீ பிளேயரை மூடலாம்."

அம்மா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பாதியில் நின்ற இடத்திலிருந்தே அப்பாவை ஓடவிட்டாள்.

"ஏன் மூடணும்? அவர் இன்னும் சொல்லி முடிக்கலையே."