நண்டு வண்டிக்கு புக்

புக் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை கையில் இருக்கும் புக்காக இருந்தாலும் சரி.

எங்கள் கார் ஷெட் முட்டுக்காட்டில், ஈ.சி.ஆர். சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பது என் வீட்டுக்காரர் தேவேந்திரன். போன் பேசுவது, பார்ட்ஸ் தேடுவது, கஸ்டமரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் பவானியாகிய நான். அவருக்குப் பேச வராது. எனக்குப் பேசாமல் இருக்க வராது. வினை அங்கிருந்துதான் வந்தது.

தேவேந்திரனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யைப் பார்க்காமல் எந்த வண்டியையும் ஷெட்டுக்குள் விடமாட்டார். எங்கள் பக்கத்தில் ஆர்.சி.யை யாரும் ஆர்.சி. என்று சொல்வதில்லை, புக் என்பார்கள். புக் இல்லாத வண்டி என்றால் திருட்டு வண்டி. அவருடைய அண்ணன் காத்தவராயன் முன்பு கோவளத்தில் டூவீலர் ஷெட் வைத்திருந்தார். எவனோ பஞ்சர் போட விட்டுப்போன பைக்குக்கு புக் இல்லை. போலீஸ் வந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனது. திருடியவன் பிடிபட்டு அண்ணன் வெளியே வந்த பிறகும் அந்தப் பேர் மட்டும் போகவில்லை. கஸ்டமர் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஷெட்டை மூடிவிட்டு இப்போது கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்தப் பேர் தன் ஷெட்டுக்கும் வந்துவிடக் கூடாது என்பதுதான் தேவேந்திரனுடைய ஒரே பயம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் செங்கல்பட்டு ராஜாராம் சார், டோ வண்டியில் ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஹெட்லைட் இரண்டும் பானட்டுக்குள் மூடிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் நண்டு கண்ணைத் தூக்குகிற மாதிரி எழுந்து நிற்க வேண்டும். பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண்கள் பார்த்த அன்றைக்கே அதற்கு நண்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். சார் ஓய்வு பெற்ற அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. கேட்பதற்கு முன்பே புக்கை எடுத்து நீட்டினார். தேவேந்திரன் அதிலிருந்த எண்ணை இன்ஜின் பக்கத்துத் தகட்டில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. வண்டியை இறக்கச் சொன்னார்.

வேலை ஒன்றுதான். நண்டு கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது. மாமல்லபுரம் ரிசார்ட் ஒன்றில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கப் போகிறது, அதற்குள் திறந்தாக வேண்டும். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வலுவில்தான் அந்தக் கண்கள் எழும். எங்கோ ஒரு ஓட்டை இருந்ததால் அந்த வலு நிற்கவில்லை. தேவேந்திரன் ரப்பர் குழாய் அத்தனையும் மாற்றிப் பார்த்தார், எழவில்லை. அந்த வலுவைத் தேக்கி வைக்க ஒரு டேங்க் இருந்தாக வேண்டும், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தார்.

"கம்பெனி புக்கு கெடச்சா போதும் பவானி. தொறந்த ஒடனே சொல்லிரும்" என்றார்.

அவர் சொன்னது கார் கம்பெனி தன் மெக்கானிக்குகளுக்காக அச்சடித்த ரிப்பேர் மேனுவலை. எதை எங்கே கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று படம் போட்டுச் சொல்லும் தடிப் புத்தகம். அந்தக் கம்பெனியை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. புத்தகம் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் நெட்டில் தேடினேன். பிடிஎப் விற்கிறவர்கள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்தார்கள். ஒருத்தனிடம் வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் போட்டோ எடுத்தவனின் கட்டைவிரல், அதுவும் நகத்தில் அழுக்கோடு. ஹெட்லைட் பக்கத்தில் அந்தக் கட்டைவிரல் பாதிப் படத்தை மறைத்துக்கொண்டிருந்தது. வேறொருத்தனிடம் வாங்கினேன். பேர் வேறு, ஊர் வேறு, கட்டைவிரல் மட்டும் அதேதான். மூன்றாவது ஆள் அனுப்பியதில் ஆஷ்டிரேவைத் துடைப்பது எப்படி என்று இருந்தது. கார் வாங்குகிறவனுக்குக் கொடுக்கும் கையேடாம் அது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த நகம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

அலுத்துப்போய், மெக்கானிக்குகளும் பார்ட்ஸ் கடைக்காரர்களும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் வாய்ஸ் போட்டேன். ஒரு சொல் விடாமல் இப்போதும் எனக்கு மனப்பாடம். "அண்ணாத்த, நம்ம ஷெட்டுக்கு பழைய பாரின் காரு ஒண்ணு வந்துகீது. அதுக்கு புக்கு வேணும். ஒரிஜினல் கெடச்சா நல்லது. இல்லாங்காட்டி டூப்ளிகேட்டா இருந்தாலும் சரி, எழுத்து தெளிவா இருந்தா போதும்."

மேனுவலைத்தான் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும், கேட்டவர்களுக்கு எப்படித் தெரியும்? புக் என்றால் எங்கள் ஊரில் என்ன என்று மேலே சொன்னேனே, அது வாய்ஸ் போடும்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாளே ஆனந்தன் என்று ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏஜென்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். மேனுவல் கொண்டு வந்திருக்கிறான் என்று நம்பி நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "இன்னா வருசத்து புக்கு வேணும்க்கா? பழசு மாதிரியே மஞ்சளா பண்ணி குட்த்துர்றேன்" என்றான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு துரத்தினேன். அவனுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள், போன் செய்தார்கள். எத்தனை பேர், எவ்வளவு பழக்கமாக, எவ்வளவு அன்பாகப் பேசினார்கள் தெரியுமா! மேனுவல் ஒருத்தரிடமும் இல்லை. திருட்டு வண்டிக்கு புக் தயாரிக்க மட்டும் ஊரே ரெடியாக இருந்தது.

குரூப்பில் நான் விளக்கம் சொல்லி இன்னொரு வாய்ஸ் போட்டேன். முதல் வாய்ஸ்தான் ஊரைச் சுற்றியது. இரண்டாவதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

விஷயம் ராஜாராம் சார் காதுக்குப் போனது. செங்கல்பட்டிலிருந்து தன்னுடைய இன்னொரு காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் வண்டிக்கு புக் இல்லை என்று ஊர் பேசுகிறது, கௌரவமாக வாழ்ந்தவன் நான், என் பேரைக் கெடுத்துவிட்டாள் உன் பெண்டாட்டி என்று மெதுவான குரலிலேயே சொன்னார். கண்கூட கலங்கின மாதிரி இருந்தது. தேவேந்திரன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதை நினைத்தால் இந்தக் கையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று இருக்கிறது.

மேனுவலைக் கடைசியில் கண்டுபிடித்தது என் தங்கை அம்சா. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வருகிற ஒரு காபி கடையில் அவள் கிளீனிங் வேலை செய்கிறாள். கட்டைவிரல் பிடிஎப்பிலிருந்து ஒரு பக்கத்தை அவளுக்கு அனுப்பி, அங்கே வருகிற யாரிடமாவது விசாரிக்கச் சொல்லியிருந்தேன். அவள் போனில், "அக்கா, யாரையும் கேக்க வாணாம். இந்த படம் நான் டெய்லி தொடைக்கிற சொவத்துல கீது" என்றாள்.

அவள் சொன்ன சுவர் கக்கூஸ் சுவர். கடை முதலாளி பரணிதரன் பார்க்க அழகாக இருக்கிறது என்று அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையிலிருந்து வாங்கி, பக்கம் பக்கமாகக் கிழித்து, கக்கூஸ் நான்கு சுவரிலும் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்திருந்தான். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த புத்தகம். அதை எழுதியவன், படம் போட்டவன் எவனாவது உயிரோடு இருந்தால் நாண்டுகொண்டு செத்திருப்பான். நான் போய்ப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, ஏதாவது வாங்கிக் குடிக்கிறவர்களுக்குத்தான் ரெஸ்ட்ரூம் என்றான் பரணிதரன். ஒரு லெமன் ஜூஸைச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பக்கங்கள் முன்பின்னாக ஒட்டியிருந்தன. சில தலைகீழாக. பிரேக்குக்குப் பக்கத்தில் கியர், கியருக்கு மேலே ஏர் பிரெஷ்னர். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். முட்டி போட்டு, மூக்கைப் பொத்தி, எந்த நாட்டுக்காரன் தெளித்ததோ என்று தெரியாத ஈரத்தில் முந்தானை படாமல் பிடித்துக்கொண்டு தேடினேன். ஹெட்லைட் பக்கம் பிளஷ் டேங்குக்குப் பின்னால் இருந்தது. கையை உள்ளே விட்டு, போனைச் சாய்த்து, படம் எடுத்தேன். வெளியே வந்து அந்த ஜூஸைத் தொடக்கூட முடியவில்லை.

தேவேந்திரன் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தனியாக டேங்க் என்று எதுவும் கிடையாது. முன்சக்கரங்களுக்கு நடுவே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு குறுக்குப் பெட்டி இருக்கிறதே, உள்ளே வெற்றிடமாக, அதுதான் டேங்க். வண்டியின் எலும்புக்குள்ளேயே காற்றின் வலுவை ஒளித்து வைத்திருக்கிறான். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. உடனே பெட்டிக்குள் காற்றடித்து, வெளியே அதன் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. அங்கே பெயிண்ட்டைச் சுரண்டினார். பெயிண்ட்டுக்குக் கீழே பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டி, பட்டிக்குக் கீழே அரைத்த இரும்பு.

சிரிப்பு நின்றுவிட்டது.

சேசிஸ் எண் அடித்த இடம் அது. யாரோ கிரைண்டர் வைத்து அந்த எண்ணை அரைத்திருக்கிறார்கள். அரைத்த அரைப்பில் இரும்பு மெலிந்து விரிசல் விட்டிருக்கிறது. காற்று ஒழுகியது அந்த விரிசலில். கடைசி எண்கள் மட்டும் முழுதாக அழியவில்லை. தேவேந்திரன் அவற்றைத் தடவிப் பார்த்தார். புக்கில் இருந்த எண் அது இல்லை. புக் நிஜம்தான், ஆனால் அது எங்கோ உடைத்துப் போட்ட வேறொரு வண்டியின் புக். அந்த வண்டியின் தகட்டைக் கழற்றி இதில் அடித்திருக்கிறார்கள். நான் வாய் தவறிச் சொன்னதும் ஊர் தப்பாகப் புரிந்துகொண்டதும் சேர்ந்து உண்மையாகிவிட்டது. நண்டு புக் இல்லாத வண்டி.

வண்டியை எடுத்துப் போகச் சொல்லி ராஜாராம் சாருக்குப் போன் செய்தேன். அவர் வந்து, குனிந்து, சுரண்டிய இடத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முந்தைய தடவை கண் கலங்கிய அதே முகம்தான்.

"வெல்டு பண்ணி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சுடு தேவேந்திரா" என்றார்.

தேவேந்திரன் முடியாது என்றார். போலீஸுக்குப் போவேன் என்று நான் சொன்னேன். சார் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து எதையோ தேடி அழுத்தினார். ஷெட் முழுக்க என் குரல் கேட்டது. "இல்லாங்காட்டி டூப்ளிகேட்டா இருந்தாலும் சரி, எழுத்து தெளிவா இருந்தா போதும்."

"போங்கம்மா. இது யார் குரல்னு அவங்க கேப்பாங்க. வண்டி யார் ஷெட்ல இருக்குன்னு கேப்பாங்க. அண்ணன் யாருன்னும் கேப்பாங்க" என்றார்.

அப்போதும் அவர் குரல் ஏறவில்லை. அந்தச் சட்டை கசங்கவில்லை. மலத்தை மிதித்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். இந்த ஆள் எதிரில் நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் அப்படி இருந்தது, கழுவத்தான் வழி தெரியவில்லை.

தேவேந்திரன் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்கடியில் போனார். மிச்சமிருந்த எண்களின் மேலேயே வெல்டு ஓடியது. வெளியே வந்து சுவிட்சைப் போட்டார். நண்டு இரண்டு கண்ணையும் தூக்கி எங்களைப் பார்த்தது. சார் கைதட்டினார். கூலியை வேண்டாம் என்று சொல்ல தேவேந்திரன் அங்கே நிற்கவில்லை. நான் சொன்னேன்.

அணிவகுப்பில் நண்டுக்குப் பரிசு கிடைத்ததாம். அம்சாதான் சொன்னாள். மேடையில் சார் மைக்கைப் பிடித்து, இந்த வண்டி உயிரோடு வந்ததற்கு முட்டுக்காடு தேவேந்திரன்தான் காரணம், புக் உள்பட எல்லாவற்றையும் தேடிப் பிடித்து முடித்துக் கொடுத்தது அவர்தான் என்று மனதாரப் பாராட்டினாராம்.

அதற்கப்புறம் ஒரு நாள் பகலில், பளபளவென்ற ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் வந்தான். நம்பர் பிளேட் இல்லை. தேவேந்திரன் ஒரு வேனுக்கடியில் படுத்திருந்தார். நான் என்ன வேலை என்று கேட்டேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு புக்கு வேணும் என்றான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இங்கே அதெல்லாம் கிடையாது, யார் உன்னை அனுப்பியது என்று கத்தினேன்.

அவன் மிரண்டுபோனான். "கோச்சிக்காதக்கா. ஷேர் ஆட்டோவுல வர்றப்போ, காத்தவராயன் அண்ணாத்ததான் சொன்னாரு. என் தம்பி ஷெட்டுல கேளு, அங்க பண்ணித் தருவாங்கன்னு."

வேனுக்கடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. தேவேந்திரன் வெளியே வந்து, குழாயடியில் உட்கார்ந்து, சோப்பு போட்டுக் கையைக் கழுவினார். கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஷட்டரை இறக்கினார். வேன் பாதி வேலையோடு உள்ளேயே நின்றது.