ராத்தாவோடு ஒரு கோப்பி

கொழும்பு ஆஸ்பத்திரியில் கிளினிக் டொக்டர் கோப்பியைப் பற்றிச் சொன்னதும் ரிப்காவுக்கு அக்காள் அஸ்மியா ராத்தாவின் ஞாபகம்தான் வந்தது.

"கோப்பியை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார் டொக்டர். "ஈரல் மாத்தின ஆக்களில கோப்பி குடிக்கிறவங்களுக்குப் புற்றுநோய் திரும்பி வாறது குறைவு எண்டு சில ஆய்வில சொல்லுறாங்க. அதுதான் மருந்து எண்டு நினைச்சிராதீங்க, நிச்சயமா ஒண்டும் சொல்ல ஏலாது. ஆனா விடத் தேவையில்ல. சீனி போடாமக் குடிங்க."

ஒப்பரேஷனுக்குப் பிறகு பயத்தில் ரிப்கா விட்டவை பல. கோப்பியும் அதில் போயிருந்தது. சின்ன வயதில் கண் மஞ்சளாகி வந்த செங்கமாரி உள்ளே கிடந்து ஈரலைக் கெடுத்து, கடைசியில் புற்றுக் கட்டியாக வந்து நின்றது. வேறு ஈரல் வைக்க வேண்டும் என்றார்கள். கணவன் ஸப்வானுடையது பொருந்தவில்லை. அக்காள் அஸ்மியாவுடையது பொருந்தியது. அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. தையல் மெசினை உறை போட்டு மூடிவிட்டுப் புல்மோட்டையிலிருந்து வந்தாள், தன் ஈரலில் பாதியைக் கொடுத்தாள், காயம் ஆறும்வரை ரிப்கா வீட்டில் இருந்துவிட்டுப் போய்விட்டாள்.

போனவள் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. பெருநாளுக்கும் வரவில்லை. போன் எடுத்தால் "வேலை கிடக்கு புள்ள, பிறகு கதைக்கிறன்" என்பாள். அந்தப் பிறகு வராது.

ரிப்கா மறுபடி கோப்பி குடிக்கத் தொடங்கினாள். ஸப்வானுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அவன் போன பிறகு திருகோணமலை ஜமாலியாவில் இருக்கிற தங்கள் வீட்டின் பின்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி சீனியில்லாத கோப்பியை வாய் வாயாகக் குடிப்பாள். கசப்பு அவளுக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் ஆள் இல்லாததுதான் பழகவில்லை. எதிரே இருந்து, "இதென்ன கோப்பியா, கழுவின தண்ணியா?" என்று கேட்க ராத்தா இருந்தால் போதும் போல இருக்கும்.

"றுமைஸ் மச்சானுக்குத்தான் கோபம் போல. அவர்தான் ராத்தாவ விடுறார் இல்ல" என்றாள் ஒருநாள், ராத்தாவின் கணவனைச் சொல்லி.

"அப்படியெண்டா போய்க் கேளன்" என்றான் ஸப்வான். "இங்க இருந்து கடலுக்குச் சொல்லி என்ன?"

அடுத்த நாளே முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, மருந்துக் குளிசைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புல்மோட்டை பஸ் ஏறினாள். நிலாவெளியும் குச்சவெளியும் கடந்து போக, ராத்தாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். வீட்டு வாசலில் வலையை அள்ளிக்கொண்டு நின்ற றுமைஸ் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"வா வா புள்ள! அஸ்மியா, ஆர் வந்திரிக்கா எண்டு பார்!" என்று கூப்பிட்டுவிட்டு, வலையோடு கடற்கரைக்கு நடந்தான். கோபம் அவனிடம் இல்லை என்பது விளங்கியதும் ரிப்காவுக்கு உள்ளுக்குள் இன்னும் பயமாகிவிட்டது.

அஸ்மியா தையல் மெசினிலிருந்து எழுந்து வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். ரிப்காவின் கண் அவள் முகத்தில் நிற்காமல் வயிற்றுக்கு இறங்கியது.

"எங்க பார்க்கிறாய்?" என்றாள் அஸ்மியா.

"ஒண்டுமில்ல ராத்தா. காயம் நோகுதா?"

அஸ்மியா குசினிக்குள் போய் அடுப்பில் கேத்திலை வைத்தாள். கோப்பிக்குத் தண்ணீர் கொதித்தது. கேத்திலை அவள் தூக்கப் போக, ரிப்கா ஓடிப்போய்ப் பிடித்தாள். "விடுங்க ராத்தா, பாரம் தூக்கக் கூடாது. நீங்க இருங்க, நான் செய்றன்."

"கைய எடு!"

ரிப்கா கையை எடுத்தாள்.

"ஒரு கேத்தில் தண்ணி தூக்க ஏலாதா எனக்கு? டொக்டர் எல்லாம் தூக்கலாம் எண்டு சொல்லி எவ்வளவு காலம்! போன் எடுத்தா முதல் கேள்வி, நோகுதா? உன்ட வீட்டுக்கு வந்தனான்தானே, கதிரையில இருத்தி வைச்சி, காலுக்குத் தலகாணி வைச்சி, என்னப் பார்த்துப் பார்த்து அழுதாய். நான் என்ன மௌத்தாப் போனனா? உம்மாவும் வாப்பாவும் போன பிறகு எனக்கெண்டு சண்டை பிடிக்க இருந்தது நீ ஒருத்தி. அவள எங்க கொண்டுபோய் விட்டாய்? அவளைக் காணாமத்தான் நான் வராம இரிக்கன்."

கேத்தில் மூடி துள்ளிக்கொண்டிருந்தது. அஸ்மியா அடுப்பை நிறுத்தினாள். ரிப்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். பஸ்ஸில் பார்த்த ஒத்திகை ஒன்றும் உதவவில்லை.

"எனக்குப் பயமா இரிக்கு ராத்தா" என்றாள் கடைசியில். "நோய் திரும்ப வந்தா நீங்க தந்தது வீணாப் போயிரும். உங்களக் கண்டா அந்த நினைப்புத்தான் வருது. கோப்பி குடிக்கிறதும் அதுக்குத்தான். எனக்காகக் குடிக்கல்ல. உங்கட சாமான் கெட்டுப் போகாம இரிக்கத்தான்."

அஸ்மியா கேத்திலை இறக்கி வைத்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அது என்ட சாமான் இல்ல, புள்ள. தந்த அண்டைக்கே உன்டதாப் போச்சு. கெட்டாலும் உன்டது, நல்லா இருந்தாலும் உன்டது. ஒரு சாரியத் தந்து, அத நீ கிழிச்சா நான் கேப்பனா?"

"கேப்பீங்க" என்றாள் ரிப்கா, யோசிக்காமலே. "அந்தப் பச்சைச் சாரி கிழிஞ்சதுக்கு மாசக் கணக்கில என்னோட கதைக்கல்ல."

"அது ஆணியில மாட்டிக் கிழிச்ச நீ!"

"தரும்போதே கிழிஞ்சிதான் இருந்திச்சி!"

"பொய் சொல்லாத! அல்லாஹ் பார்த்துக்கிட்டு இரிக்கான்!"

அந்தச் சாரியின் வழக்கு மத்தியானம் வரை போனது. நடுவில் அஸ்மியா கோப்பி ஊற்றினாள். இரண்டு கோப்பையும் ஆறிப்போன பிறகுதான் குடித்தார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொல்கிற நேரம் ரிப்கா பஸ்ஸுக்கு எழுந்தாள். அஸ்மியா, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேலிப் படலை வரை வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பஸ் புறப்பட்ட பிறகும் ரிப்காவின் மனம் அந்தக் குசினியை விட்டு வர மறுத்தது.

அடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "இந்த முறை நல்லா இரிக்கு. அடுத்த முறையும் பார்ப்பம்" என்றார் டொக்டர். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றே ரிப்கா புல்மோட்டைக்குப் போன் எடுத்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அஸ்மியா. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு வேறு கதைக்குத் தாவினாள். கூரை ஒழுகுவது, கோழியை அடைக்கு வைத்தது, றுமைஸின் குறட்டை, பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் சோறு பத்தாமல் போனது என்று கதை நீண்டுகொண்டே போனது. ரிப்கா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கே ஒரு பகல் பயணம். அதற்கு அப்பாலும் போகவேண்டும் ராத்தாவிடம். இந்தக் கதையைப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

போனை வைத்ததும், "என்னவாம்?" என்றான் கூட வந்திருந்த ஸப்வான்.

"கோழி அடை வைச்சிரிக்காவாம்" என்றாள் ரிப்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனோடு படியிறங்கினாள்.