விட்டுப்போன வரி

மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டு, தன் வேலைக்கு உலை வைக்கும் சேதியைச் சைகை மொழிபெயர்ப்பாளரான அவள் தன் கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காது கேக்காதவங்களுக்குப் பக்கத்துல நின்னு கையக் காட்டிச் சொல்ல இனிமே ஒரு ஆள் தேவைப்படாது," என்றார் பேச்சாளர். அந்த வாக்கியம் அவள் விரல்கள் வழியாக முன்வரிசை மாணவியைப் போய்ச் சேர்ந்தது.

தொழில்நுட்பத் தொழில்முனைவு பற்றிப் பல்கலைக்கழகம் நடத்தும் உரைத்தொடர் அது. வாரம் ஒருவர் வந்து தான் நிறுவனம் தொடங்கிய கதையைச் சொல்லிவிட்டுப் போவார். இது ஏழாவது வாரம். இதுவரை வந்த ஆறு பேரும் தோற்றுப் பார்க்கச் சொல்லித்தான் அறிவுரை கூறினார்கள். தோல்விக்கான சைகையைப் போட்டுப் போட்டு அவளுக்கு மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம். இன்று வந்தவரோ, எதிரே யார் பேசினாலும் அதை எழுத்தாக்கிக் கண்முன் ஓடவிடும் மூக்குக்கண்ணாடியைச் செய்பவர். காது கேளாத தம்பிக்காகக் கற்ற சைகை மொழிதான் பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு போடுகிறது. இந்த மாணவியோடு மட்டும் இரண்டு வருஷம். தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று அந்தப் பெண் தோழியிடம் வெட்கப்பட்டுச் சொன்னதுகூட இவள் வாய் வழியாகத்தான்.

"யாராவது போட்டுப் பாக்கறீங்களா?" என்று பேச்சாளர் கேட்டார். இவள் கை அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாணவி மேடைக்கு வந்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அரங்கமே சிரித்தது. கூடவே மாணவியும் சிரித்தாள். எப்போதும் அவள் சிரிப்பு எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாக வரும். இன்றைக்குக் கூட்டத்தோடு கலந்து வந்தது. வேலையில்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

மாணவி இவள் பக்கம் திரும்பிச் சைகையில் பதில் சொன்னாள். இவள் ஒலிவாங்கியை எடுத்துக் குரல் கொடுத்தாள். "ரொம்ப நல்லாருக்கு. நான் கடைசி வரிசைல ஃப்ரெண்ட்ஸோட உக்காந்துக்குவேன். இது எப்ப வெளிய வரும்?"

மாணவி சொன்னதில் நடுவே இன்னொரு வரி இருந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டாள். ஏன் விழுங்கினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அரங்கத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கண்ணாடி ஆள் பார்த்து எழுதுவதில்லை. அவள் பேசியதையும் எழுதியது. மாணவி படித்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. கைகளை உயர்த்தினாள்.

"என்ன சொல்றாங்க?" பேச்சாளர் ஆவலாகக் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தத் தொழிலுக்கு இருப்பது ஒரே ஒரு சத்தியம்: கை சொன்னதை வாய் சொல்ல வேண்டும், அது தன்னைத் திட்டுவதாக இருந்தாலும்.

"நான் சொன்னதுல ஒரு வரிய இவங்க விட்டுட்டாங்க," என்றாள் மொழிபெயர்ப்பாளர், ஒலிவாங்கியில். மாணவி அந்த வரியை நிதானமாக மறுபடி சொன்னாள். இவளும் நிதானமாகவே சொன்னாள். "இந்தக் கண்ணாடி கெடச்சா, இவங்க என்கூட வர வேண்டாம்."

கண்ணாடியைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்து யாரோ கைதட்ட, அரங்கம் முழுக்கத் தட்டியது. பேச்சாளருக்கு வாயெல்லாம் பல். கடைக்கு வர இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே மாடிப்படி அருகே மாணவி காத்திருந்தாள். தோழிகளைப் போகச் சொல்லிவிட்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி?" கை கேட்டது. "எத்தன தடவ?"

ஒரு மருத்துவர் மாணவியின் அம்மாவிடம் சொன்ன சொல். ஆய்வகத்தில் பின்னாலிருந்து வந்த கேலி. இன்னொன்று, நேர்முகத் தேர்வில். மூன்றையும் இவள் கை சொல்லாமல் விட்டிருந்தது. குடை பிடிப்பதாகத்தான் அன்றெல்லாம் நினைத்திருந்தாள். நனையச் சம்மதமா இல்லையா என்று அந்தப் பெண்ணை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"மூணு தடவ," என்றன இவள் விரல்கள்.

மாணவி கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். மாணவியோ படியில் உட்கார்ந்து, கன்னத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க. அவங்க சொன்ன மாதிரியே."

அடுத்த வகுப்புக்கு ஓடும் கூட்டம் இருவரையும் சுற்றிப் பிரிந்து இறங்கியது. மொழிபெயர்ப்பாளர் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். மாணவியின் கண்கள் இமைக்காமல் காத்திருக்க, கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கினாள்.