ஆளுக்கொரு தொகுதி

கடைசி வருஷக் கணக்குப் புத்தகம் இரண்டு தொகுதியாக வந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒரே தடிப் புத்தகமாக வந்திருந்தால் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டாவது முழுசையும் படித்திருப்பார்கள். இரண்டாக வரவும், "ஆளுக்கொண்ணுடி" என்று பெருசு சொன்னாள். சிறுசு தலையாட்டினாள். ஒரு வருஷப் படிப்புக்கு அன்றைக்கே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது.

பெருசு அண்ணன் மகள், சிறுசு தம்பி மகள். ஒரே வீட்டில் ஒரு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். அந்த ஒரு மாத மூப்புக்காகப் பெரியவர்கள் முன்னால் சிறுசு அவளை "அக்கா" என்று கூப்பிட வேண்டும். ஆள் நகர்ந்ததும் "ஏய் பெருசு"தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, படத்துக்குச் சட்டம். அண்ணன் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார், தம்பி பின்னால் நின்று வெட்டுவார். கடைக்கு மேலேயே வீடு. சாயங்காலம் பெண்களில் ஒருத்தி கீழே இறங்கி அளவு குறித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் இவள், ஒரு நாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பழைய கம்பளம் விரித்த அந்தப் பெரிய வெட்டு மேஜை அன்றைக்குப் படிப்பு மேஜையாகிவிடும். எவ்வளவு தட்டினாலும் கம்பளத்தில் கண்ணாடித் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும், முழங்கையை ஊன்றினால் நறுக்கென்று குத்தும். அதனால் இரண்டு பேரும் கை ஊன்றாமல் விறைப்பாக உட்கார்ந்து படிக்கப் பழகியிருந்தார்கள். தெருவோடு போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஒழுக்கமான பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அணிகள், கலப்பெண்கள், வெக்டர் எல்லாம் இருந்த முதல் தொகுதி பெருசுக்கு. வகைக்கெழு, தொகையிடல், நிகழ்தகவு இருந்த இரண்டாவது சிறுசுக்கு. வாரம் முழுக்க அவரவர் தொகுதியை அவரவர் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் நல்லவர்தான், ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிப் பாடம் நடத்துவார். பின்னாலேயே ஓட முடியாதவர்கள் இப்படி ஏதாவது வழி பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

சிறுசுக்குக் கணக்கு என்றால் கொள்ளை ஆசை. ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் உடனே அடுத்ததுக்குத் தாவ மாட்டாள். துவைத்து உதறிக் கொடியில் போட்ட துணியைப் பார்க்கிற மாதிரி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். வளைகோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், வளைகோட்டை வரைந்து, அதை மெல்லிசு மெல்லிசாக நறுக்கி, ஏன் நறுக்குகிறோம், நறுக்கினதை எப்படிக் கூட்டுகிறோம் என்று வேரிலிருந்து ஆரம்பிப்பாள்.

"என்னடி இது, பச்சைக் குழந்தைக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டற மாதிரி ஊட்டறே?" என்பாள் பெருசு.

"வாயைத் திற, பேசாதே."

பெருசு வாயைத் திறந்தாள். ஊட்டியதெல்லாம் உடம்பில் ஒட்டவும் செய்தது.

பெருசின் முறை வந்தால் வேறு கதை. "இங்க பாரு, மூணு சமன்பாடு குடுப்பான். அணிக்கோவை கண்டுபிடி. பூஜ்யம் வரலைன்னா ஒரே தீர்வு. பூஜ்யம் வந்தா தீர்வு இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டே இரு. அவ்வளவுதான்டி, இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று புத்தகத்தை மூடிவிடுவாள்.

ஏன் என்று சிறுசு கேட்டிருக்கலாம். மற்றதற்கெல்லாம் ஏன், எதற்கு என்று உயிரை எடுக்கிறவள், இதற்குக் கேட்கவில்லை. பாதியில் விட்டு வந்த தன் தொகையிடல் கணக்கிலேயே அவள் மனசு உட்கார்ந்திருந்தது. பெருசு சீக்கிரம் முடித்தால் தனக்கும் நல்லதுதான் என்று இருந்துவிட்டாள். முதல் தொகுதியை அவள் தனியாக எடுத்துப் பிரித்ததே இல்லை.

மேல்படிப்புப் பேச்சு வந்தபோது பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். சாப்பாட்டுத் தட்டு முன்னால்தான் அந்த வீட்டில் எல்லாத் தீர்ப்பும்.

"ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. ஒண்ணாப் போனா ஒண்ணா வருவாங்க, ஒருத்திக்கு ஒருத்தி துணை. அது தோதுப்படலைன்னா ரெண்டு பேரும் பக்கத்துக் காலேஜ்ல காமர்ஸ் படிக்கட்டும். கடைக்கும் ஆகும்."

"அண்ணன் சொன்னா சரி" என்றார் சிறுசின் அப்பா.

சிறுசு தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தூரத்துப் பெரிய காலேஜ் ஒன்றில் கணக்கு டிகிரி நன்றாக இருக்கிறதென்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் மனசு அங்கேயேதான் குடியிருந்தது. இப்போது அங்கே போக வேண்டுமென்றால் பெருசையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாடிப்படியில் அவளை மடக்கினாள்.

"பெருசு, உனக்கு என்னடி படிக்கணும்?"

"படிக்கறதா? எனக்கு இந்த வீட்டை விட்டுப் போனாப் போதும். என் துணியை மட்டும் வெக்க எனக்குன்னு ஒரு அலமாரி வேணும். நீ சொல்ற காலேஜ்ல ஹாஸ்டல் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ கணக்கே படிச்சுத் தொலைக்கறேன். மடத்துல தனி ரூம் குடுத்தா சாமியாராப் போகக்கூட நான் ரெடி."

சிறுசு சிரித்துக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் காலேஜில் கணக்கு மார்க்கை மட்டும்தான் பார்ப்பார்கள். சீட்டுக்கான கட்-ஆஃப் கோடு உயரத்தில் இருந்தது, இரண்டு பேரும் தாண்ட வேண்டும். தான் தாண்டிவிடுவோம் என்பதில் சிறுசுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அவள் பயமெல்லாம் பெருசைப் பற்றித்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பங்கு இரண்டாவது தொகுதிக்கே போயிற்று. பெருசு தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் தூக்கி நிறுத்தி, திரும்ப நடக்கவிட்டு, திரும்ப விழவிட்டு, தன் கணக்கைவிட அவள் கணக்கையே அதிகம் போட்டாள்.

பரீட்சை நெருங்கியபோது டீச்சர் முதல் தொகுதிக்கு ஒரு சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார். அன்றைக்குக் கடையில் சிறுசின் முறை.

"ஒரு நாள் மாத்திக்கறியா?" என்று கேட்டாள்.

"என் தொகுதிதானேடி? நான் போய்க் கேட்டுட்டு வந்து உனக்குச் சொல்றேன்" என்றாள் பெருசு.

அதுவும் நியாயம்தானே! சிறுசு கடையில் நின்றாள். ஜன்னலுக்கு உள்பக்கம் அளக்கச் சொன்னால் வெளிப்பக்கம் அளந்துகொண்டு வந்த ஒரு ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பெருசு பையை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"என்னடி நடத்தினாங்க?"

"எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்" என்றபடி பெருசு மாடியேறிப் போய்விட்டாள்.

கணக்குப் பரீட்சை அன்று கட்டாயக் கேள்வியாக அணிகளிலிருந்து ஒன்று வந்தது. மூன்று சமன்பாடு, நடுவில் k என்று ஓர் எழுத்து. k எவ்வளவு இருந்தால் தீர்வு இல்லை, எவ்வளவு இருந்தால் ஒரே தீர்வு, எவ்வளவு இருந்தால் எண்ணற்ற தீர்வு? கடைசி வார்த்தைகளைச் சிறுசு இரண்டாம் தடவை படித்தாள். எண்ணற்ற தீர்வா! அப்படி ஒன்று உண்டென்று டீச்சரின் ஓட்டத்தில் அவள் காதில் விழவில்லை, பெருசும் சொல்லவில்லை.

வேறு பிள்ளையாக இருந்தால் எதையாவது கிறுக்கி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். இவளுக்குத்தான் அந்தக் குணம் இல்லையே. பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். அணிக்கோவை பூஜ்யமானால் என்னதான் நடக்கிறது என்று வேரிலிருந்து தோண்ட ஆரம்பித்தாள். சமன்பாடுகளை ஒன்றோடொன்று கழித்தாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் தெரிந்தது. ஒரு மதிப்புக்குச் சமன்பாடுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, இன்னொன்றுக்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடுகின்றன. யாரும் சொல்லித்தராததைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

நிமிர்ந்தபோது கண்காணிப்பாளர் விடைத்தாளைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய சொந்தத் தொகுதியில், கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய இரண்டு தொகையிடல் கணக்குகள் வெறும் கேள்வி எண்ணோடு நின்றன.

வெளியே வந்ததும் பெருசு ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"சிறுசு, தொகையிடல் ரெண்டும் அப்படியே நீ சொல்லிக்குடுத்ததுடி! கட்டாயக் கேள்வி பார்த்தியா, ஸ்பெஷல் கிளாஸ்ல போட்ட அதே கணக்கு, k-க்குப் பதிலாக் கூட வேற எழுத்து போடல!"

சிறுசு அவளையே பார்த்தாள். "ஸ்பெஷல் கிளாஸ்ல போட்டாங்களா?"

பெருசின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏன்டி, நீ எழுதலையா?"

"எழுதினேன்" என்றாள் சிறுசு.

முடிவு வந்தது. பெருசு கோட்டைத் தொட்டுத் தாண்டியிருந்தாள். சிறுசு கோட்டுக்குக் கீழே. தலைமுடி அளவுதான் குறைவு, ஆனால் குறைவு குறைவுதானே. வீட்டில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெரியம்மா அவள் தலையைத் தடவி, "பரவாயில்லைடி, எல்லாருக்குமா கணக்கு வரும்?" என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல் சிறுசு கடைக்கு இறங்கிப் போனாள்.

பெருசும் பின்னாலேயே வந்தாள். சுவரெங்கும் சாய்த்து வைத்த முகக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னை ஏன்டி அப்படிப் பார்க்கறே? நான் என்ன பண்ணேன்?"

"தெரிஞ்சதுதான்னு சொன்னே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் சொன்னேன். நோட்டு பைக்குள்ளதான் இருந்துச்சு. நீ கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டேனா? நீ கேக்கவே இல்லையே!"

"நீ கேட்டதாலயா உனக்கு நான் சொல்லிக்குடுத்தேன்?"

"உன்னை யாருடி அவ்வளவு சொல்லிக்குடுக்கச் சொன்னது?" என்றாள் பெருசு. சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை என்பது எல்லாக் கண்ணாடியிலும் தெரிந்தது.

ஒரே காலேஜ், ஒரே வகுப்பு என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. சிறுசின் அம்மாதான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள், "ஒண்ணாத்தான் அனுப்பறதுன்னு சொன்னது என்னாச்சுக்கா?"

"அது ரெண்டு பேருக்கும் கிடைச்சாத்தானே?" என்றாள் பெரியம்மா.

"கையில வந்த சீட்டை வேண்டாம்னா சொல்லுவாங்க?" என்று உள்ளிருந்து பெரியப்பா குரல் வந்தது. "இவ இங்கேயே காமர்ஸ் படிக்கட்டும். வீட்டுக்கும் ஒரு பொண்ணு வேணுமில்ல."

சிறுசு அப்பாவிடம் போனாள். அவர் கண்ணாடித் தகட்டின் மேல் அளவுகோலை வைத்து, வெட்டுக் கருவியின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்குக் கிடைச்சு, அக்காவுக்குக் கிடைக்காமப் போயிருந்தா, என்னை அனுப்பியிருப்பீங்களா?"

அவர் கோடு இழுத்தார். கண்ணாடி கிறீச்சென்றது. கோட்டை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பிடித்து, டக்கென்று முறித்தார். துண்டு சுத்தமாக வந்தது.

"நடக்காததைப் பேசி என்ன ஆகப்போகுதும்மா" என்றார். அவளைப் பார்க்கவில்லை.

பெருசு பெட்டி கட்டிக்கொண்டு போனாள். பஸ் நகரும்போது ஜன்னல் வழியே கையை நீட்டினாள். சிறுசும் பிடித்தாள். வெறுப்பு என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும், அதுவும் வரவில்லை அவளுக்கு.

சில மாதம் கழித்து ஒரு மதியம் பெருசு போன் பண்ணினாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். சாப்பாடு நன்றாக இல்லை, அறையில் நாலு பேர், அலமாரி பாதிதான் கிடைத்தது என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்புறம் குரல் குறைந்தது.

"சிறுசு இருக்காளா? இங்க முதல் பரீட்சை முழுக்கத் தொகையிடல்தான். எனக்கு ஒண்ணுமே பிடிபடல. ஒரு கணக்கு படிக்கறேன், எப்படி ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லுடி."

"சொல்லுவா, சொல்லுவா. நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறா?" என்று பெரியம்மா போனைச் சிறுசு பக்கம் நகர்த்தினாள்.

பெருசு கணக்கைப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் சிறுசுக்கு வழி தெரிந்துவிட்டது. எதை எதாக மாற்ற வேண்டும், மாற்றினால் அது எப்படி அவிழும் என்று எல்லாமே வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. பிசைந்து ஊட்டக் கை தயாராக இருந்தது.

"எனக்கு மறந்துபோச்சுக்கா" என்றாள்.

அது பொய் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பக்கம் இருந்தவள்தான். அவளாலும் சொல்ல முடியவில்லை.

"சரிடி" என்றாள் பெருசு. வைத்துவிட்டாள்.

"அதுக்குள்ளேயா மறந்துடும்?" என்றாள் பெரியம்மா.

"உள்ளே நின்னிருந்தாத்தானே" என்று பெரியப்பா அடுத்த கவளத்தைப் பிசைந்தார். "மார்க்குலயே தெரிஞ்சுதே."

சிறுசின் அப்பா தலையாட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறோமே, ஒருத்தராவது நிமிர்ந்து, "பொய் சொல்லாதேடி" என்று அதட்ட மாட்டார்களா என்று தட்டு காய்கிற வரைக்கும் காத்திருந்தாள். அம்மா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.