எந்த மொழிக்கு எத்தனை ஊசி

"உலக மொழிகளின் தலைவிதி வரும் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நமது கிராமச் சங்கக் கூடத்தில் தீர்மானிக்கப்படும். காபி இலவசம். இப்படிக்கு, தலைவர் தௌனோ."

கூட்டுறவுக் கடைக் கதவில் இதை ஒட்டிவிட்டு, தௌனோ நான்கடி பின்னால் போய் நின்று இரண்டு முறை படித்துக்கொண்டார். பின்லாந்தில் இருக்கும் எங்கள் ஊரின் முகப்புக்கு வரவேற்புப் பலகை ஒன்று தீட்டிவைத்திருந்தார். ஏரி, இரண்டு பிர்ச் மரங்கள் எல்லாம் முடிந்தன. எழுத்து மட்டும் பாக்கி. பின்னிஷ் மேலேயா, பர்மியம் மேலேயா என்பதுதான் வழக்கு. ஊரில் பாதி வீடுகளில் இப்போது பர்மியர்கள். பசுமைக்குடிலில் தக்காளி பறிக்கும் நாயிங் வின், "எங்க பாஷையைத்தான் அதிக நாட்டுல பேசறாங்கண்ணே" என்று சும்மா சொல்லிவைத்ததில் தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. முதல் வரி பறிபோனால் தலைவர் என்ன தலைவர்?

அதிக நாட்டில் பேசும் மொழிக்கே முதல் வரி என்று முடிவானது. போட்டி விதியைப் பள்ளி ஆசிரியை அய்லி வகுத்தாள். சொந்த நாடு கணக்கில் இல்லை. வேறு நாட்டிலிருக்கும் ஆளுக்கு ஃபோன் போட வேண்டும். அந்த மொழியில் பதில் வந்தால் உலக வரைபடத்தில் ஓர் ஊசி.

தௌனோ ஸ்வீடனிலிருக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"தௌனோவா? யார் செத்தது?"

"யாரும் சாகலடா."

"அப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

ஊசி ஏறியது. நோர்வே மாமா மகள், எஸ்தோனியாவில் கடை வைத்திருக்கும் மச்சான், கனடா சித்தப்பா என்று மூன்று பேரும் துக்கம்தான் விசாரித்தார்கள். நான்கு ஊசி.

நாயிங் வின் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான் என்று வரிசையாக அடித்தான். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சாப்டியா?" நான்குக்கு நான்கு. கூட்டம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கலவரம்.

அடுத்து நாயிங் வின், கூடத்துச் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்த மனைவியையே கூப்பிட்டான்.

"ஏய், இது பின்லாந்துடா. எங்க நாடு," என்றார் தௌனோ.

"எங்களுக்கு வெளிநாடுதானேண்ணே."

அய்லி தலையாட்டினாள். ஐந்து. தலைவரிடம் சொந்தக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள். ஃபோனைக் கவிழ்த்துவைத்தார். நாயிங் வினுக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, பர்மாவுல, மோல்மேன்ல என் சின்னம்மா இருக்கு. ஏழு வருஷம் இங்க இருந்துட்டுப் போச்சு. போட்டுப் பாருங்க."

மணி நான்கு முறை அடித்தது. பிறகு சுத்தமான பின்னிஷில் அந்தம்மாள் கேட்டாள்:

"யார் செத்தது?"

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. தௌனோ நாயிங் வினைக் கட்டிப்பிடித்தார், பெண்டாட்டியைக்கூட அவர் பொது இடத்தில் தொட்டவரில்லை. ஐந்துக்கு ஐந்து. இரு மொழியும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் என்று அய்லி தீர்ப்புச் சொல்ல, தௌனோ ஞாயிறு முழுக்க எழுத, திங்கள் காலை ஊரே திரண்டுபோய்ப் பலகையை நட்டது.

அந்தச் சாலையில் பேருந்து வருவது நின்று நான்கு வருடம் ஆகிறது.